தையல் மெஷின் மேல் ஒரு துபாய் ஆபீஸ்

இந்த முறை ஊருக்கு வந்தபோது, அம்மா தன் தையல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதென்று முடிவு கட்டியிருந்தார். முட்டி வலி, மிதிக்க முடியவில்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்துக்குள் தள்ளுவண்டியோடு வரும் இரும்புக்காரர் வாசலில் நின்று, தராசை எடுக்காமல் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டாண்டை அசைத்துப் பார்க்க அவர் குனிந்தபோது கால் பட்டு, மிதி ஒரு தரம் கீழே போய் மேலே வந்தது. கட்... கடக். சக்கரம் அரைச்சுற்று சுற்றி நின்றது.

"இது இருக்கட்டும்மா" என்றேன்.

"உனக்கு எதுக்கு? ஜாக்கெட் தைக்கப் போறியா?"

இரும்புக்காரர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுச் சைக்கிளைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு ரவிக்கைகளும் பள்ளிக்கூட யூனிஃபார்ம்களும் ஞாபகம் வரலாம். 2020-இன் முதல் லாக்டவுனில், எலாஸ்டிக் எங்கும் கிடைக்காமல் பாவாடை நாடாவை வைத்தே தெருவுக்கெல்லாம் தைத்துக் கொடுத்த மாஸ்க்குகள் ஞாபகம் வரலாம். எனக்கு வருவது துபாய் கம்பெனியின் வாட் ரிட்டர்ன். 2021 ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அந்த மெஷின்தான் என் ஆபீஸ். மெஷினின் தலையை உள்ளே மடக்கி மூடிவிட்டால் மேலே சமமான பலகை, அதன்மேல் லேப்டாப். கால் வைக்க வேறு இடமில்லை, மிதியின் மேல்தான் வைக்க வேண்டும். மீட்டிங்கில் பதற்றம் ஏறினால் கால் தானாக மிதிக்க ஆரம்பித்துவிடும். "பக்கத்தில் ரயில் ஓடுகிறதா?" என்று மேனேஜர் துபாயிலிருந்து ஒருநாள் கேட்டார். ஓடத்தான் செய்கிறது, மேம்பாலத்துக்குக் கீழே. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கண்ணில் புரை. ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன், மூன்று வாரம் லீவு, ஏப்ரல் 26-ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட். அப்படித்தான் வந்தேன். 24-ஆம் தேதி நள்ளிரவோடு இந்தியாவிலிருந்து வரும் பயணிகளை அமீரகம் நிறுத்தியது. 27-ஆம் தேதி இரவிலிருந்து கர்நாடகமும் கதவைச் சாத்திக்கொண்டது. மளிகை, காய்கறி எல்லாம் காலை 6 மணியிலிருந்து 10 மணிக்குள். பத்து நாள் தடை என்றார்கள். நீட்டினார்கள். மறுபடி நீட்டினார்கள். நல்லவேளையாக லேப்டாப் கொண்டுவந்திருந்தேன். ரம்ஜான் மாதம் வேறு, ஆபீஸ் நேரம் குறைவு. "அங்கிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது கம்பெனி.

எங்கள் குடும்பத்தில் வேலையைத் தேடி மூன்று தலைமுறை நடந்திருக்கிறது. தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அந்தத் தங்கவயலே 2001-இல் மூடப்பட்டுவிட்டது, அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. அப்பா அங்கே இறங்க மாட்டேன் என்று பெங்களூருக்கு வந்து, தூரவாணிநகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் டெலிபோன் செய்யும் கூட்டத்தில் சேர்ந்தார். லிங்கராஜபுரத்தில் அப்போது வாடகை குறைவு. தமிழ் பேசும் சந்து, நடக்கும் தூரத்தில் கோயில் மணி, சைக்கிளில் போய்விடக்கூடிய வேலை. நான் கணக்குப் படித்துவிட்டு துபாய்க்குப் போனேன். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. தங்கம் அங்கே இருக்கிறது, போனார். லேத் மெஷின் இங்கே இருக்கிறது, வந்தார். என் சம்பளம் துபாயில் இருக்கிறது, போனேன். வீட்டில் யாராவது கல்யாணத்துக்கோ சாவுக்கோ வரமுடியாமல் போனால் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு: "வேலை அங்கேதானே இருக்கு, என்ன பண்றது?"

அந்தப் பதில் 2021-இல், தையல் மெஷின் மேலே, என் கண்ணெதிரிலேயே பொய்யாகிப் போனது. தாத்தா தங்கப் பாறையை வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்திருக்க முடியாது. என் இன்வாய்ஸ்கள் வந்தன. பேரேடு வந்தது, பேங்க் ஸ்டேட்மென்ட் வந்தது, மேனேஜரின் திட்டும் வந்தது. ஏப்ரல் 28-க்குள் போட வேண்டிய வாட் ரிட்டர்னை லிங்கராஜபுரத்திலிருந்து போட்டேன். ஒரு திர்ஹம் பிசகவில்லை.

பிசகியது கிழமைதான். துபாயில் அப்போது வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். நம் வீட்டில் ஞாயிறு என்றால் ஞாயிறு. கோயில் பூட்டியிருந்ததால் அம்மா செல்போனைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஆன்லைனில் பூசை பார்ப்பார். அதே அறையில், முதுகுக்குப் பின்னால், நான் பேங்க் கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து நில்லுங்கள் என்று சாமியார் சொல்வார், அம்மா எழுந்து நிற்பார். நான் உட்கார்ந்திருப்பேன். கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். பதினொரு மணிக்கு மேல் சந்து முழுக்க மட்டன் குழம்பு கொதிக்கும். எதிர் வீட்டுக் குக்கர், மாடி வீட்டுக் குக்கர், எங்கள் குக்கர். என் மைக்கை அணைக்க மறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குக்கர் ஐந்து விசில் அடித்தது. துபாய் முனையில் ஒரு பாகிஸ்தானி சகா, "பாய், இது மட்டனா கோழியா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

பதிலுக்கு வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, மற்றவர்களுக்கு இல்லை. அக்கா மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, அக்காவுக்குத் தன் கம்பெனி மீட்டிங். நான் மட்டும் லுங்கியோடு திண்ணையில். "துபாய்க்காரருக்கு இன்னிக்கு லீவு" என்று மாடி வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்கும்போது சொல்லிவிட்டுப் போவார். காவேரித் தண்ணீர் எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் விடியற்காலையில். பல வருஷமாக அதைப் போனில் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, எந்த நாள் எந்த நேரம் என்று மறந்து போயிருந்தது. இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. ஐயங்கார் பேக்கரிக்காரர் பத்து மணிக்கு ஷட்டரை இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் போனால் கார பன் சூடாக இருக்கும் என்று தெரிந்தது. தில்பசந்த் கடைசித் துண்டை எனக்காக எடுத்துவைக்க ஆரம்பித்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்ற மரியாதை தேய்ந்து, சந்துக்காரனாக ஆகிவிட்டேன் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

மே மாதத்தில் எதிர் வீட்டு மாமா போனார். அப்பாவோடு ஐ.டி.ஐ.-இல் வேலை பார்த்தவர், எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். ஆம்புலன்ஸ் சந்துக்குள் திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றது. உடம்பு வீட்டுக்கு வரவில்லை. மகன் மட்டும் கவச உடை போட்டுக்கொண்டு கல்லறைக்குப் போனான். இத்தனை வருஷமாக எனக்கு எல்லாச் சாவும் போனில்தான் வந்திருக்கிறது. அப்பாவுடையதும் அப்படித்தான். போன் அடிக்கும், யாரோ "எங்க இருக்க?" என்று கேட்பார்கள், அதிலேயே தெரிந்துவிடும். இந்தச் சாவை மட்டும் நான் நேராகக் கேட்டேன். எதிர் வீட்டுக் கதவு திறந்து, மாமியின் குரல் உடைந்து வெளியே வந்ததைக் கேட்டேன். ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க முடியாது, கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஆனாலும் நான் அங்கே இருந்தேன். இருபதடி தூரத்தில் இருந்து ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பதும், ஆயிரக்கணக்கான மைலில் இருந்து ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பதும் ஒன்றல்ல. அது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூன் நடுவில் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. கம்மனஹள்ளி மெயின் ரோட்டில் பானிபூரிக் கடைகள் வந்தன. ஜூலையில் கோயில் கதவும் திறந்தது. பூசைக்கு வந்தவர்கள் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் இடத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கும்பிட்டார்கள். அப்போதுதான் வீட்டில் ஒரு கேள்வி மெதுவாக எழுந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அக்கா ஒருநாள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "இப்படியே இருந்துட்டா என்னடா? வேலை நடக்குதில்ல?" என்று மாவைப் பார்த்துச் சொன்னார்.

நடக்கத்தான் செய்தது. விசா நடக்காது. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செல்லாது என்பது அமீரகத்தின் பழைய விதி. தொற்றுக் காலத்தில் தளர்த்தினார்கள், ஆனால் தளர்வு எப்போது முடியும் என்று விசா வேலைகளைப் பார்க்கும் கம்பெனி பி.ஆர்.ஓ.வுக்கே தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 2020 அக்டோபரிலேயே துபாய் ஒரு புது விசா அறிவித்திருந்தது. வேறு நாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள், மாதம் 5,000 டாலர் சம்பளம் உள்ளவர்கள், ஒரு வருஷம் துபாயில் வந்து தங்கி, லேப்டாப்பில் தங்கள் நாட்டு வேலையைப் பார்க்கலாம். கடற்கரை இருக்கிறது, வெயில் இருக்கிறது, வாருங்கள் என்று விளம்பரம். அதாவது, லண்டன் வேலையை துபாயில் இருந்து செய்யலாம். துபாய் வேலையை லிங்கராஜபுரத்தில் இருந்து செய்யக் கூடாது. சம்பளத்தின் பருமனைப் பொறுத்து, வேலை இருக்கும் இடம் மாறுகிறது போலும்.

திரும்பிப் போவதற்கான வழிகளை வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டார்கள். அர்மீனியாவுக்குப் போய் 14 நாள் தங்கிவிட்டு அங்கிருந்து துபாய் போகலாம். உஸ்பெகிஸ்தான் வழியாகவும் போகலாம். என் அறைச் சகாக்களில் ஒருவர் கடன் வாங்கி யெரெவான் போய், ஹோட்டல் ஜன்னலில் தெரிந்த மலையைப் படம் எடுத்து அனுப்பினார். "இதுக்குப் பேர் அராராத்தாம், நோவா கப்பல் நின்ன மலை" என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு அதைக் காட்டினேன். படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பைபிள்ல வர்ற ஊரா? அப்ப நீயும் போயேன்" என்றார். அவ்வளவு காசு என்னிடம் இல்லை.

ஆகஸ்ட் 5 முதல் குடியிருப்பு விசா உள்ளவர்களை விடத் தொடங்கினார்கள், ஆனால் முதலில் அங்கேயே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான். என்னுடையது கோவிஷீல்டு, இங்கே போட்டது. இரண்டு ஊசிக்கும் நடுவில் 12 முதல் 16 வாரம் என்று மே மாதத்தில் இடைவெளியை நீட்டியிருந்த அரசு, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் 28 நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று ஜூனில் விலக்குக் கொடுத்தது. சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். இந்தியாவில் போட்ட ஊசிக்கும் கதவு திறந்தது செப்டம்பர் 12-ஆம் தேதி. சிவாஜிநகர் மாதா திருவிழா முடிந்து நாலு நாள். அம்மா அதை மாதாவின் கணக்கில் எழுதிவிட்டார். அமீரக அரசுக்கு ஒரு பங்கும் கொடுக்கவில்லை.

தேவனஹள்ளி விமான நிலையத்தில், ஏறுவதற்கு ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய பரிசோதனைக்கு ஒரு வரிசை. கையில் ஏற்கெனவே 48 மணி நேரத்துக்குள் எடுத்த இன்னொரு பரிசோதனைத் தாள். மூக்கில் குச்சி விட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், திருப்பத்தூர்க்காரர், கட்டட வேலை மேஸ்திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊரை விட்டுப் போறப்ப எப்பவும் அழுவேன். இந்தத் தடவை காசு வாங்கிக்கிட்டு அழ வைக்கிறாங்க."

நான் முதன்முதலில் துபாய் போனது 2009-இல். அந்த ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறந்தார்கள். 18 ஆண்டுகள் மூடியே நின்ற சிலை அது. பஸ்ஸில் போகும்போது, உள்ளே வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்று பள்ளிக்கூடப் பையன்களாகப் பந்தயம் கட்டியிருக்கிறோம். கருணாநிதியும் எடியூரப்பாவும் ஒரே மேடையில் நின்றதைப் பார்க்க அப்பா போய்வந்து, நாலு நாள் அதையே பேசினார். அடுத்த மாதம் 9-ஆம் தேதி துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. சில வாரத்தில் நானும் போய் இறங்கினேன். பழகுவது அப்போது கஷ்டமாகத் தெரியவில்லை. ஏனென்றால் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. கராமாவில் எந்தக் கட்டடத்தில் பெட் ஸ்பேஸ் மலிவு, வாடகைக்கு ஏன் பின்தேதியிட்ட செக்குகள் கேட்கிறார்கள், எந்த ஓட்டலில் மதியம் ரசம் இரண்டாம் தடவை கேட்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரு அண்ணன் இருந்தார். புதிதாக வருகிறவனுக்குப் பழையவன் சொல்ல வேண்டும், அதுதான் அந்த ஊரின் எழுதாத சட்டம்.

2021-இல் போனபோது நான்தான் பழையவன். ஆனால் எனக்குத் தெரிந்த துபாய் அங்கே இல்லை.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது காலிப் படுக்கைகள். ஆறு பேர் இருந்த அறையில் மூன்று பேர். 2020 ஏப்ரலில், துபாய் முழுவதும் வெளியே போக அனுமதி வாங்க வேண்டியிருந்த நாட்களில், இந்த ஆறு பேரும் ஒரு ஜன்னலையும் ஒரு கழிவறையையும் பங்கு போட்டுக்கொண்டு கிடந்தோம். அப்போது ஒருவர் குறட்டை இன்னொருவருக்குக் கொலைவெறி மூட்டும். அதில் ஒருவர் வேலை போய், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை ஊருக்குக் கொண்டுபோக அரசு விட்ட வந்தே பாரத் விமானத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்து, ஊருக்குப் போனார். மே 7-ஆம் தேதி முதல் விமானங்கள் அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் கிளம்பியதை நாங்கள் டி.வி.யில் பார்த்துக் கைதட்டியது ஞாபகம் இருக்கிறது. எங்கள் சமையல் வித்தகர், திருநெல்வேலிக்காரர், என்னைப் போலவே லீவுக்குப் போய் மாட்டிக்கொண்டவர். அவருடைய கம்பெனி காத்திருக்கவில்லை. பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடையில் கணக்கு எழுதப் போய்விட்டார். அவருடைய மிக்சி அலமாரியில் இருந்தது. இட்லிப் பானை, ஊரில் மனைவி பின்னிக் கொடுத்த போர்வை, பாதி தீர்ந்த கோபால் பல்பொடி எல்லாமே இருந்தன.

"எல்லாத்தையும் கார்கோவுல போட்டுருங்க தம்பி. மிக்சி மட்டும் இருக்கட்டும், சட்னி அரைச்சுக்கோங்க" என்று போனில் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அவருடைய பதினோரு வருஷத்தை ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடுக்கினேன். அப்படி ஆளில்லாத பெட்டிகளை நிறையக் கட்டியதாகக் கார்கோக் கடைக்காரர் சொன்னார். அந்தத் தொழிலில் வழக்கமாகப் பெட்டியோடு ஒரு சிரிப்பும் வரும். புது டி.வி., குழந்தைக்குச் சைக்கிள், பால்பவுடர், டாங் டப்பா. அந்த ஆண்டு சிரிப்பில்லாத பெட்டிகள்.

ஆபீசுக்குப் போனால் கைரேகை மெஷினைக் கழற்றிவிட்டு முகத்தைப் பார்க்கும் மெஷினை வைத்திருந்தார்கள். மாஸ்க்கைக் கழற்று என்னும், கழற்றினால் பக்கத்தில் நிற்கும் செக்யூரிட்டி போடு என்பார். மாஸ்க் இல்லாமல் வெளியே பிடிபட்டால் அபராதம் 3,000 திர்ஹம், யாரும் விளையாடமாட்டார்கள். டீ கொண்டுவரும் மலப்புறத்துச் சேட்டன் இல்லை. அவர் இடத்தில் ஒரு மெஷின், காகிதக் கப். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு இஞ்சி தூக்கலாக வேண்டும் என்று இருபது பேரின் நாக்கையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் அவர். மேசைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தடுப்பு.

இதைவிட வினோதம் மீட்டிங். எல்லாரும் ஒரே அறையில், ஆறடிக்கு ஒருவராக உட்கார்ந்திருப்போம். ஆனால் மீட்டிங் டீம்ஸில்தான் நடக்கும். மேனேஜர் பேசுவது முதலில் காற்று வழியாகக் காதில் விழும், அரை நொடி கழித்து ஹெட்செட்டில் மறுபடி விழும். ஒரே திட்டை இரண்டு தடவை வாங்குவோம். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை வாங்கியதற்குப் பதிலாக, 2,700 கிலோமீட்டர் பறந்து வந்து இரண்டு தடவை. முதல் வாரத்தில் ஒருநாள், பழக்கதோஷத்தில், மேசைக்குக் கீழே என் கால் மிதியைத் தேடியது. வெறும் கார்பெட்.

தூக்கமும் வரவில்லை. 2009-இல் வந்தபோது ஏசி சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. இப்போது விடியற்காலை நான்கரைக்குத் தானாக விழிப்பு வரும், தண்ணீர் வரும் நேரம். துபாய்க் குழாயில் எந்நேரமும் தண்ணீர். படுக்கையில் உட்கார்ந்து, இன்றைக்குத் தண்ணீர் நாளா இல்லையா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் பெங்களூரில் ஆறு மணி. அம்மா குடங்களை நிரப்பி முடித்திருப்பார், முட்டி வலியோடு.

அக்டோபர் 1-ஆம் தேதி எக்ஸ்போ திறந்தது. 2020-இல் நடக்க வேண்டியது ஒரு வருஷம் தள்ளி வந்தது, பெயர் மட்டும் எக்ஸ்போ 2020 என்றே இருந்தது. அதற்கென்றே மெட்ரோவை நீட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நாட்டு அரங்கிலும் முத்திரை குத்திக்கொள்ள ஒரு மஞ்சள் பாஸ்போர்ட் விற்றார்கள். நிஜ பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் நாய்படாத பாடு பட்டவர்கள், அந்தப் பொய் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்று, பிரேசிலுக்கும் ஜப்பானுக்கும் அரை மணியில் போய்வந்தார்கள். நானும்தான். அர்மீனிய அரங்கைத் தேடிப் போய் ஒரு முத்திரை குத்தி, யெரெவான் வழியாக வந்த சகாவிடம் காட்டினேன். "எனக்கு இதுக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஆச்சு" என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் அந்த அறிவிப்பு வந்தது. 2022 ஜனவரி 1 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியன்று அரை நாள். ஒரு காலத்தில் வியாழன், வெள்ளியாக இருந்து 2006-இல் வெள்ளி, சனியாக மாறியதைப் பார்த்த பழைய ஆட்கள், "இது என்ன, கிழமையை நகர்த்திக்கொண்டே போகிறார்கள்" என்று சிரித்தார்கள். எங்கள் கம்பெனியும் அப்படியே மாற்றிக்கொண்டது.

அவுத் மேத்தாவில் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1967-இல், ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் வந்தது. இத்தனை வருஷமாக எங்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்பது அங்கே வெள்ளிக்கிழமைதான் வரும். மலையாளம், தமிழ், கொங்கணி, தகாலோக் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பூசை. ஒரு மொழிக்காரர்கள் வெளியே வரும்போது இன்னொரு மொழிக்காரர்கள் உள்ளே போவோம். ஞாயிறு காலையில் ஆபீஸ். அம்மா லிங்கராஜபுரத்தில் பூசை முடிந்து வந்து போன் செய்வார், நான் ஆபீஸ் மாடிப்படிக்குப் போய் நின்று பேசுவேன். பத்து நிமிஷம். மேனேஜர் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் பேசும் பேச்சு. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார், யார் புதுப் புடவை கட்டி வந்தார்கள், மட்டன் கிலோ என்ன விலை. திருட்டுத்தனமாக நடந்ததாலோ என்னவோ, அதில் ஒரு வார்த்தை வீணாகாது.

ஜனவரி 2, முதல் ஞாயிறு விடுமுறை. காலையில் எழுந்து குளித்து, சட்டை மாட்டி, லிஃப்டுக்கு வந்த பிறகுதான் ஆபீஸ் இல்லை என்று உறைத்தது. அப்படியே கோயிலுக்கு நடந்தேன். என்னைப் போலவே பலர் ஆபீஸ் சட்டையில் வந்திருந்தார்கள். திரும்பி வந்து நிம்மதியாக உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். இருவருக்கும் ஒரே நாள் லீவு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். குழம்பு வாசம் மட்டும்தான் குறை. அம்மா இரண்டு நிமிஷம் பேசினார். "நீ லீவுதானே, சாயங்காலம் பேசலாம், அக்கா வந்திருக்கா" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் அவர் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. நேரம் இருக்கிறதே என்று இருவரும் விட்டுவிட்டோம். இப்போதும் பல ஞாயிறுகள் அப்படித்தான் போகின்றன.

மார்ச் 27-ஆம் தேதி இந்தியாவிலிருந்து வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்தன. இரண்டு ஆண்டுக்குப் பிறகு. அதற்கடுத்த மாதம் எங்கள் ஆபீசுக்கு ஒரு பையன் வந்தான். கம்மனஹள்ளிப் பையன், அதனால் என் பொறுப்பில் விட்டார்கள். படித்து முடித்து 2020-இல் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தவன். சேர்ந்த நாளிலிருந்து விலகிய நாள் வரை அந்தக் கம்பெனியின் கட்டடத்தையே பார்த்ததில்லை. லேப்டாப் கூரியரில் வந்தது, கூரியரில் போனது. கூட வேலை செய்தவர்களின் உயரம்கூட அவனுக்குத் தெரியாது.

அவனுக்குப் பழக வேண்டியிருந்தது துபாயை அல்ல, ஆபீஸை. மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றால் எழுந்து நின்றுவிடுவான். டாய்லெட்டுக்குப் போக என்னிடம் அனுமதி கேட்டான். முதல் நாள் மீட்டிங் என்றதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, நான் முன்பு அம்மாவோடு பேசிய அதே மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து, அங்கிருந்து சேர்ந்தான். "உள்ளேயே உட்காரலாம்டா" என்று கூட்டிவந்தேன். மதியம் டப்பாவைத் திறந்து நாலைந்து பேர் ஒரே மேசையில் சாப்பிடுவதைப் பார்த்து, தன் ரொட்டியைப் பிய்க்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா, அங்கேயே வீட்டுல இருந்து வேலை பார்த்திருக்கலாமே, இங்க எதுக்கு வந்த?" என்று நான் கேட்டேன். லிங்கராஜபுரத்தை விட்டு வந்ததிலிருந்து என்னையே நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். அவனிடம் பதில் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"ரெண்டு வருஷம் எங்க வீட்டு ஹால்லயே இருந்தேன் அண்ணா" என்றான். "எங்க அப்பா அம்மா சண்டை எல்லாம் எனக்கு மனப்பாடம். கம்பெனி எதுவா இருந்தாலும் பரவால்ல, ஆபீஸ் இருக்கணும்னு பார்த்துதான் அப்ளை பண்ணேன்."

அன்று சாயங்காலம் அவனை அறைக்குக் கூட்டிப் போனேன். காலிப் படுக்கை மூன்றில் ஒன்றைக் காட்டி வாடகை சொன்னேன். சமையல் முறை, குப்பை முறை, மெட்ரோ கார்டு, ரசம் இரண்டாம் தடவை தரும் ஓட்டல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கோயில் எப்ப அண்ணா?"

"இங்க வெள்ளிக்கிழமைதான்..." என்று ஆரம்பித்து நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைதானே எல்லா ஊர்லயும்?" என்று பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஏணியில் ஏறி மேல் படுக்கையைத் தட்டிப் பார்த்தான். அது திருநெல்வேலிக்காரருடைய இடம்.

"ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்கும்டா. ராத்திரி காதைச் சுத்தித் துண்டு கட்டிக்கோ" என்றேன்.